துணைச்சட்டகத்துக்கு வேலை இரண்டு: கேம்பர் பெட்டியை லாரியில் பொருத்தும் முறை

கேம்பர் லாரியில் சேஸிக்கும் குடியிருப்புப் பெட்டிக்கும் நடுவே இருக்கும் துணைச்சட்டகத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கரடுமுரடான தரையில் லாரியின் சேஸி முறுகும்போது, அந்த முறுக்கத்தைப் பெட்டிக்குள் ஏறவிடாமல் தடுப்பது முதல் வேலை. பெட்டியின் பாரத்தைச் சேஸியின் நீளம் முழுவதும் பரப்பிக் கொடுப்பது இரண்டாவது வேலை. சட்டகம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே விசாரிக்கிறார்கள். "எவ்வளவு முறுக்கத்துக்கு ஈடுகொடுக்கும்?" என்ற கேள்விக்கு எந்த அமைப்பு பெரிய எண்ணைப் பதிலாகத் தருகிறதோ, அதுவே உயர்ந்தது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். உங்கள் சேஸி எவ்வளவு முறுகுகிறதோ அந்த அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, மற்ற நேரமெல்லாம் பாரத்தைப் பரவலாகத் தாங்குவதே நல்ல சட்டகம். ஏணி வடிவச் சேஸி கொண்ட நடுத்தர லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு, பின்பக்கம் அசையாமல் இறுக்கி முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த சட்டகமே இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்கிறது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

சேஸி முறுகும், பெட்டி முறுகாது

லாரிச் சேஸி என்பது இரண்டு நீளமான லாங் மெம்பர்களும் அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்களும் சேர்ந்த ஓர் ஏணி. லாங் மெம்பர் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்த 'ப' வடிவச் சேனலாக இருக்கும். முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுவிட்டால் அதே மூங்கில் எளிதாக முறுகும். சேனலுக்கும் அதே கதைதான். 250 மி.மீ. உயரம், 75 மி.மீ. அகலம், 7 மி.மீ. கனம் உள்ள ஒரு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில், அதே கனத்தில் நான்கு பக்கமும் மூடிய குழாயைச் செய்தால், முறுக்கத்தை எதிர்க்கும் திறன் 250 மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சேனல் வளைவை நன்றாகத் தாங்கும். முறுக்கத்துக்கு மட்டும் இணங்கிப் போகும். லாரி வடிவமைப்பாளர் இதைத் தெரிந்தேதான் செய்கிறார். கமான் பட்டை வைத்த லாரியில் அச்சுகளின் அசைவு குறைவு. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது, பட்டையால் கொடுக்க முடியாத மீதி அசைவைச் சேஸியே முறுகிக் கொடுக்கிறது. அதனால்தான் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்திருக்கின்றன.

பெட்டியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பயணக் கேம்பர்களின் சுவர்கள் இரண்டு ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்து ஒட்டிய சாண்ட்விச் பலகைகளால் ஆனவை. தரை, கூரை, நான்கு சுவர்கள் ஆகிய ஆறு பலகைகளும் விளிம்போடு விளிம்பு ஒட்டப்பட்டதும் முறுகாத ஒரு முழு வடிவம் கிடைக்கிறது. தீப்பெட்டியின் உள்தட்டைத் தனியே எடுத்து இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருப்பிப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். அதை மேலுறைக்குள் தள்ளிவிட்டுத் திருப்பினால் அசையாது. மேலே திறந்த சரக்கு லாரியின் பாடி அந்த உள்தட்டைப் போன்றது. கேம்பர் மூடிய தீப்பெட்டி. அதை நேராகச் சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், முறுகத்தான் வேண்டும் என்று சேஸியும் முறுக மாட்டேன் என்று பெட்டியும் பிடிவாதமாக நிற்கும். அந்தச் சண்டையில் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். முதலில் கதவுச் சட்டத்தின் மூலையில் கீறல் தெரியும். பிறகு ஒட்டிய விளிம்பு பிரியும். அதன் வழியே மழைநீர் நுரைக்குள் இறங்கும். பெட்டி உறுதியாக இருந்துவிட்டாலோ பாதிப்பு சேஸிக்குப் போகும். கேபினுக்குப் பின்னால், பெட்டி தொடங்கும் இடத்தில் விரிசல் விழும்.

நடைமுறையில் உள்ள அமைப்புகள்

இந்தச் சண்டையைத் தீர்க்க மூன்று அமைப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது ஸ்பிரிங் சட்டகம். மூடிய குழாய்களால் செய்த சட்டகம் லாங் மெம்பர்களின் மேலேயே நீளமாகப் படுத்திருக்கும். பின்னச்சுப் பகுதியில் தகடுகள் வைத்து அசையாமல் இறுக்கியிருப்பார்கள். முன்னோக்கிப் போகப் போக, அமுக்கிய சுருள் ஸ்பிரிங் கோத்த நீண்ட போல்ட்கள் சட்டகத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். சேஸி முறுகும்போது ஒரு பக்க லாங் மெம்பர் சட்டகத்தை விட்டு இறங்கும்; ஸ்பிரிங் அமுங்கி அதற்கு இடம் கொடுக்கும். இரண்டாவது மூன்று புள்ளி அமைப்பு. பின்னால் இரு பக்கமும் இரண்டு தாங்கிகள், முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழல்மூட்டு. அல்லது அதன் மறுதலை. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல, மூன்று புள்ளிகளில் நிற்கும் பெட்டிக்கு முறுக்கம் போகாது. மூன்றாவது, சாய்சதுரம் போல அமைந்த நான்கு புள்ளி அமைப்பு. முன்னாலும் பின்னாலும் நடுவில் தலா ஒரு சுழல்மூட்டு. இடையில் இடமும் வலமும் இரண்டு தாங்கிகள். இதில் பெட்டி, சேஸியின் முன்முனைச் சாய்வுக்கும் பின்முனைச் சாய்வுக்கும் நடுவான சாய்வில் நிற்கும்.

காகிதத்தில் பார்த்தால் பின்னிரண்டு அமைப்புகளும் உயர்ந்தவையாகத் தெரியும். சுழல்மூட்டு முறுக்கத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் துண்டித்துவிடுகிறது. ஸ்பிரிங் சட்டகம் அப்படிச் செய்வதில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 3,500 கிலோ எடையுள்ள பெட்டியின் முன்பாதி எடை 1,750 கிலோ. ஒரு பக்க லாங் மெம்பர் விலகிவிட்டால், அந்த முன்பாதி முழுவதும் மறு பக்க மெம்பர் ஒன்றின் மேல் நிற்கும். சேஸியின் அகலம் 800 மி.மீ. என்றால் நடுக்கோட்டிலிருந்து அந்த மெம்பர் 0.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக, பெட்டியின் மேல் 700 கிலோ-மீட்டர் (கிலோ × மீட்டர்) முறுக்கு விசை வருகிறது. விலகிய பக்கத்து ஸ்பிரிங்குகள் சேர்ந்து 500 கிலோ விசையோடு கீழே இழுத்தால், அது 0.8 மீட்டர் அகலத்தில் இன்னொரு 400 கிலோ-மீட்டரைச் சேர்க்கும். மொத்தம் 1,100. 'முறுக்கம் ஏறாத சட்டகம்' என்று விற்கப்படும் ஸ்பிரிங் அமைப்பில் இவ்வளவு முறுக்கம் ஏறத்தான் செய்கிறது.

இருந்தும் அதையே முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், இந்த விசைக்கு ஒரு வரம்பு இருப்பதுதான். பெட்டியின் எடையும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சேர்ந்த அந்த 1,100-ஐத் தாண்டி அது போகாது. சேஸி 4 பாகை முறுகினாலும் 7 பாகை முறுகினாலும் பெரிதாக மாறாது. முன்கூட்டியே தெரிந்த ஒரு விசையைத் தாங்கும்படி மூடிய குழாய்ச் சட்டகத்தையும், அதன்மேல் ஒட்டிய சாண்ட்விச் பெட்டியையும் கட்டுவது கடினமல்ல. நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டிக்குத்தான் அந்த வரம்பு இல்லை. அங்கே முறுக்கக் கோணம் கூடக் கூட விசையும் கூடிக்கொண்டே போகும். ஏதாவது ஒன்று உடையும்வரை நிற்காது.

முறுக்கம் வரும் வேகமும் அதிர்ச்சி வரும் வேகமும்

தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இது: சட்டகம் தன் ஆயுளில் எதை அதிகமாகச் சந்திக்கிறது? சேஸி பெரிய அளவில் முறுகுவது ஆற்றுக்கரையில் இறங்கும்போதும், பாறைப் படிகளில் ஏறும்போதும், ஆழமான சக்கரத் தடத்தைக் குறுக்கே கடக்கும்போதும்தான். ஐஸ்லாந்தின் உள்நாட்டுப் பீடபூமியில் சுமார் 200 கி.மீ. ஓடும் எஃப் 26 பாதையில் பாலமில்லாத நீரோடைகள் குறுக்கிடுகின்றன. அவற்றில் இறங்கி ஏறும் இடங்கள் இப்படிப்பட்டவை. அந்த இடங்களில் லாரி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் நகரும். முறுக்கம் பெரியது, ஆனால் மெதுவாக வருகிறது, எண்ணக்கூடிய தடவைகள் மட்டுமே வருகிறது.

அலை அலையாக வரி விழுந்த மண்சாலையின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,850 கி.மீ. நீளும் கேனிங் ஸ்டாக் ரூட் இந்த வரிகளுக்குப் பெயர் போனது. வரிக்கு வரி 70 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரில் சுமார் 1,400 அடி விழும். 100 கிலோமீட்டரில் 1.4 லட்சம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 24 அடி. இங்கே முறுக்கம் மிகச் சிறியது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் பெட்டியின் முழு எடையும் தாங்கிகளின் மேல் இறங்கி எழும்புகிறது. இரும்பை ஒரே தடவையில் உடைக்க முடியாத விசை, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும்போது விரிசலாக மாறும். உலோகச் சோர்வு என்பது இதுதான். பயணத்தில் தாங்கிகளையும் கிராஸ் மெம்பர்களையும் உடைக்கும் வலு இந்தச் சின்ன அடிகளுக்கு உண்டு.

இப்போது இரண்டு அமைப்புகளையும் இந்தச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் சட்டகம் நான்கு மீட்டருக்கும் மேலான நீளத்தில் இரண்டு லாங் மெம்பர்களின் மேலும் படுத்திருக்கிறது. அடி அந்த நீளம் முழுவதும் பகிரப்படுகிறது. மூன்று புள்ளி அமைப்பில், அதே 3,500 கிலோ பெட்டியின் பாதி எடையான 1,750 கிலோ, முன்னால் உள்ள ஒரே சுழல்மூட்டின் மேல் நிற்கிறது. அதிர்ச்சியில் அது இரண்டு மடங்கானால் மூன்றரை டன். மூன்று மடங்கானால் ஐந்து டன்னுக்கு மேல். அது நிற்கும் இடம் கிராஸ் மெம்பரின் நட்டநடு. லாரி நிறுவனம் அந்த மெம்பரை இரண்டு லாங் மெம்பர்களையும் சேர்த்துப் பிடிக்கவே வைத்தது. நடுவில் ஐந்து டன் தாங்குவதற்காக அல்ல. எனவே அங்கே வலுவான புதிய மெம்பரும், லாங் மெம்பரின் பக்கச் சுவரில் நீளமான தகடுகளும் வேண்டும். மேலே உள்ள சட்டகமும் தாங்கிக்குத் தாங்கி அந்தரத்தில் நிற்பதால், அதைத் தனிப் பாலம்போல வலுவாகக் கட்ட வேண்டும். எடை கூடும், உயரம் கூடும். ஸ்பிரிங் சட்டகமும் பெரிய முறுக்கத்தின்போது மூன்று இடங்களில்தான் நிற்கிறது. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. ஆனால் அந்த நிலை நடை வேகத்தில், சில நொடிகளுக்கு மட்டும். புள்ளி அமைப்பு தன் ஆயுள் முழுக்க அந்த நிலையில் இருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

"யூனிமாக் லாரியிலேயே சுழல்மூட்டுத் தாங்கிகள்தானே இருக்கின்றன?" என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. உண்மைதான். 1955 முதல் 1980 வரை வந்த யூனிமாக் 404 எஸ் வரிசையைப் பாருங்கள். சுருள் ஸ்பிரிங்குகளின் பெரிய அசைவோடு, நன்றாக முறுகும்படியே வடிவமைத்த சேஸியும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சேஸியில் பெட்டி எங்கே உட்கார வேண்டும், பாரம் எந்த மெம்பரில் இறங்க வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டது. அதில் சுழல்மூட்டு சரியான தேர்வு. அதே மூட்டை எடுத்துச் சரக்கு விநியோகத்துக்கென வடிவமைத்த ஒரு சாதாரண 4x4 லாரியில் வைத்தால், யூனிமாக்கின் தீர்வு வந்துசேரும். அதைத் தாங்கும் யூனிமாக்கின் சேஸி வராது. எதிர் உதாரணமும் உண்டு. 1976 முதல் ஜெர்மன் ராணுவத்துக்கு வந்த மேன் காட் 1 லாரிகளின் சேஸி, மூடிய பெட்டி வடிவ மெம்பர்களால் ஆன, முறுகாத வகை. செக் நாட்டின் டாட்ரா லாரிகள், 1923-இல் ஹான்ஸ் லெட்விங்கா அறிமுகப்படுத்திய வழியில், நடுவே ஒரு தடித்த குழாயையே முதுகெலும்பாகக் கொண்டவை. முறுக்கத்தை அந்தக் குழாய் எதிர்த்து நிற்கிறது. இவற்றில் பெரிய அசைவு தரும் சட்டகம் வீண் செலவு. லாரியின் பெயரோ விலையோ சட்டகத்தைத் தீர்மானிக்காது. சேஸியின் குணமே தீர்மானிக்கும்.

"சரக்கு லாரிகளில் யு போல்ட் போட்டு இறுக்கி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறார்களே?" என்ற கேள்வி நம் ஊர்ப் பட்டறைகளில் எழுவது இயல்பு. மேலே திறந்த பாடி தீப்பெட்டியின் உள்தட்டு என்று பார்த்தோம். அது சேஸியோடு சேர்ந்து முறுகிவிடுகிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு உண்டு, ஆணியும் போல்ட்டும் சற்று நகரும். ஒட்டிய கேம்பரில் நகர எதுவும் இல்லை. அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

"சேஸியையே வலுவாக்கிவிட்டால் என்ன? சேனலின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிவிடலாமே" என்பது மூன்றாவது மறுப்பு. மூடிய பகுதி முறுகாது என்பது சரி. ஆனால் முறுக்கம் மறைந்துவிடாது. மூடாமல் விட்ட பகுதிக்கு ஒதுங்கும். மூடியதும் மூடாததும் சந்திக்கும் இடத்தில் விரிசல் தொடங்கும். வெல்டிங்கின் சூடு, உயர் வலிமை எஃகை அந்த இடத்தில் பலவீனமாக்கும். சேஸி முறுகாததால் பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும், பிடிமானம் போகும். லாரி நிறுவனங்கள் பாடி கட்டுவோருக்காக வெளியிடும் கையேடுகள், சேஸியில் அனுமதியின்றி வெல்டிங் செய்வதையும் லாங் மெம்பரின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதையும் பொதுவாகத் தடுப்பது இதனால்தான்.

"நான் காட்டுப் பாதையில் போகப் போவதில்லை; தார்ச்சாலை மட்டுமே போதும்" என்கிறவருக்குப் பதில் சற்று வேறு. அவருக்கும் கப்பல் ஏறும் சரிவுத்தளம் உண்டு, முகாம் போடும் வயல்வெளி உண்டு, சாலையிலிருந்து ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் மேடு பள்ளம் உண்டு. ஆனால் அவருக்குச் சுழல்மூட்டு தேவையே இல்லை. பின்புறம் தகடுகளும் முன்புறம் ஒரு ஜோடி அல்லது இரண்டு ஜோடி ஸ்பிரிங்குகளும் போதும். செலவும் எடையும் மிகக் குறைவு. 120x60 மி.மீ. அளவில் 5 மி.மீ. கனமுள்ள குழாய் மீட்டருக்குச் சுமார் 13 கிலோ. நான்கரை மீட்டரில் இரண்டு நீளக் குழாய்களுக்கு 120 கிலோ. குறுக்குக் குழாய்களும் தகடுகளும் சேர்ந்தால் இருநூறை நெருங்கும். மொத்த எடைக்குச் சட்ட வரம்பும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் பி வகை ஓட்டுநர் உரிமம் 3.5 டன் வரையும், சி1 வகை 7.5 டன் வரையும்தான் செல்லும். எல்லைக்கு அருகில் நிற்கும் லாரிக்கு, சட்டகத்தில் கூடும் ஒவ்வொரு 100 கிலோவும் 100 லிட்டர் தண்ணீரை விட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சட்டகத்துக்கு விலை கேட்கும் முன்பே செய்ய வேண்டிய அளவீடு ஒன்று உண்டு. சமதளத்தில் லாரியை நிறுத்தி, பெட்டி எடைக்கு நிகரான பாரத்தைச் சேஸியின் மேல் பரவலாக ஏற்றுங்கள். கேபினுக்குப் பின்னால் ஓரிடத்திலும் பின்முனையிலும் லாங் மெம்பர்களுக்குக் குறுக்கே நேரான பட்டை ஒன்றை வைத்து, கோணம் காட்டும் ரசமட்டத்தால் இரண்டு இடத்துச் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் உறுதியான மேடைகளில் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். மேடையின் உயரத்தைப் படிப்படியாகக் கூட்டி, மற்ற சக்கரங்களில் ஒன்று தரையை விடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு இடத்துச் சாய்வுகளின் வித்தியாசமே உங்கள் சேஸியின் முறுக்கக் கோணம். எதிர் மூலைகளிலும் இதையே செய்து, இரண்டில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை லாரிக்கு அடியில் ஆள் இல்லாமல், ஜாக்கியை நம்பாமல், கட்டைகளின் மேல் மட்டுமே செய்ய வேண்டும்.

கோணம் கிடைத்ததும் மற்ற எண்கள் தாமே வரும். 800 மி.மீ. அகலச் சேஸி 6 பாகை முறுகினால், முன்முனையில் ஒரு பக்க மெம்பர் 84 மி.மீ. விலகும்; நடுவில் அதில் ஏறத்தாழ பாதி. முன் ஸ்பிரிங்குகள் 84 மி.மீ.க்கு மேல், கொஞ்சம் இருப்பும் வைத்து, சுமார் 110 மி.மீ. அமுங்க இடம் வேண்டும். அதற்குள் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக் கட்டையாகிவிட்டால், அந்த நொடியில் ஸ்பிரிங் வெறும் போல்ட்டாக மாறிவிடும்; மேலே சொன்ன விசையின் வரம்பும் போய்விடும். அதே 6 பாகையில், 2.3 மீட்டர் அகலப் பெட்டியின் ஓரம் கேபினை ஒப்பிட 120 மி.மீ. ஏறி இறங்கும். சேஸிக்கு 2 மீட்டர் மேலே உள்ள கூரை 209 மி.மீ. பக்கவாட்டில் நகரும். கேபின் கூரைக்கு மேல் நீட்டிய படுக்கைப் பகுதி உள்ள பெட்டியில் இந்த இடைவெளியை விடாமல் கட்டினால், முதல் பள்ளத்திலேயே உரசும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே வழி வேண்டுமென்றால், இந்த அசைவு முழுவதையும் மடிந்து கொடுக்கும் ரப்பர் உறை அவசியம். நான்கு புள்ளி அமைப்பின் உண்மையான பலன் இந்த இடத்தில் தெரியும்: பெட்டி நடுச் சாய்வில் நிற்பதால் இந்த நகர்வு பாதியாகிறது.

இந்த அத்தியாயத்தின் கைக்கணக்கு இது. கோணம் 2 பாகைக்குள் இருந்தால் முறுகாத வகைச் சேஸி என்று கொண்டு, தகடுகளால் இறுக்கி முன்முனையில் மட்டும் ஸ்பிரிங் வைத்தால் போதும். 2 முதல் 8 பாகைவரை நீளமாகப் படுத்த ஸ்பிரிங் சட்டகம். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கின் நீளமும் இடைவெளியும் கட்டுக்குள் நிற்காது. அப்போது சுழல்மூட்டு அமைப்புக்குப் போகலாம், லாரி நிறுவனத்தின் கையேடு அந்தச் சேஸிக்கு அதை அனுமதித்து, பாரம் இறங்க வேண்டிய இடங்களையும் காட்டியிருந்தால் மட்டும். கையேடு இந்தக் கைக்கணக்குக்கு மாறாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றத்தை டியூவ் போன்ற ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். கையேட்டைப் பின்பற்றிய வரைபடமும் எஃகின் சான்றிதழும் கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

பட்டறையில் கண் வைக்க வேண்டியவை

அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைக் கெடுக்கக்கூடிய தவறுகள் சில உண்டு. அசையாமல் இறுக்கும் தகடுகள் பின்னச்சின் பகுதியிலும் அதற்குப் பின்னாலும்தான் வர வேண்டும். அங்கே கமான் பட்டையின் தாங்கிகளும் நெருக்கமான கிராஸ் மெம்பர்களும் இருப்பதால் சேஸி அதிகம் முறுகாது. முறுக்கத்தின் பெரும்பகுதி கேபினுக்கும் பின்னச்சுக்கும் நடுவேதான் நடக்கிறது. அந்த நடுப்பகுதியில் ஒரு தகட்டை "உறுதிக்காக" கூடுதலாக வைத்தால் மொத்த அமைப்பும் பயனற்றுப் போகும். தகடுகளின் வலுவைப் பிரேக்கை வைத்துக் கணக்கிட வேண்டும். 3,500 கிலோ பெட்டி கடும் பிரேக்கில் முன்னோக்கித் தள்ளும் விசை சுமார் 2,800 கிலோவுக்குச் சமம். ஸ்பிரிங் போல்ட்கள் அதில் பங்கு எடுக்காது, எடுக்கவும் கூடாது. தகடுகளை லாங் மெம்பரின் பக்கச் சுவரில், முடிந்தவரை நிறுவனம் போட்ட துளைகளிலேயே, 8.8 அல்லது 10.9 தர போல்ட்களால் பொருத்துங்கள்.

ஸ்பிரிங் சட்டகம் மேலும் கீழும் மட்டும்தான் அசைய வேண்டும். பக்கவாட்டில் நகராதபடி, லாங் மெம்பரின் வெளிப்பக்கத்தில் வழிகாட்டித் தகடுகள் கட்டாயம். முறுகும்போது மெம்பர் விலகும் உயரத்தைவிட அவை உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டகம் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்கின் முன்னிறுக்கம், சாதாரணச் சாலைத் திருப்பத்தில் சட்டகம் மெம்பரை விட்டு எழாத அளவுக்கு இருக்கட்டும். அதனால்தான் நல்ல ஸ்பிரிங் சட்டகம் வைத்த லாரி வளைவுகளில் ஊசலாடாமல் போகிறது. மூன்று புள்ளி அமைப்பில், முன் சுழல்மூட்டு சாய்வைத் தடுக்காது. பெட்டியின் முழுச் சாய்வையும் பின்னிரண்டு தாங்கிகளே பிடிக்க வேண்டியிருக்கிறது. சட்டகத்தின் முன்முனையைச் சதுரமாக வெட்டி நிறுத்தாமல், கீழ்ப்பக்கத்தைச் சரிவாகச் சீவி விடுங்கள். கெட்டியான சட்டகம் திடீரென்று முடியும் இடத்தில்தான் சேஸிக்கு விரிசல் வரும்.

கட்டி முடித்ததும், உள்ளே அலமாரி வைப்பதற்கு முன்பே, அதே மேடைகளில் லாரியை மறுபடி ஏற்றிப் பாருங்கள். கதவு இலகுவாகத் திறந்து மூட வேண்டும். முழு முறுக்கத்திலும் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு நட்டையும் சோதியுங்கள். அதன்பின் ஒவ்வொரு நீண்ட மண்சாலைக்குப் பிறகும் கேபினுக்குப் பின்னால் உள்ள லாங் மெம்பரைக் கழுவித் துடைத்து, விளக்கு வைத்துப் பாருங்கள். சுழல்மூட்டு வைத்தவர்கள் கிரீஸ் அடிப்பதையும் மூட்டின் தேய்மானத்தைப் பார்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டகம் என்பது இனி எளிதில் கண்ணில் படாத பகுதி. படுக்கையை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். ஜன்னலைப் பிறகு பெரிதாக்கலாம். சட்டகத்தை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியையே கழற்ற வேண்டும். ஆகவே, விற்பவரிடம் "எவ்வளவு முறுக்கத்துக்கு ஈடுகொடுக்கும்?" என்று கேட்கும் முன், உங்கள் சேஸி எத்தனை பாகை முறுகுகிறது என்ற எண்ணை நீங்கள் கையில் வைத்திருங்கள். அந்த எண்ணோடு போய், "என் பெட்டியின் பாரம் இந்தச் சேஸியில் எங்கெங்கே இறங்கும்?" என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டி அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பட்டறையில் மட்டும் வேலையைக் கொடுங்கள்.